பாதி பாட்டில் டெவலப்பரும் பழைய ஃபிக்சரும்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: வீட்டிலேயே கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுகிறேன். பிப்ரவரியில், பிலிமில் படத்தைத் தோன்றவைக்கும் டெவலப்பரான டி-76 பொடியை ஒரு லிட்டராகக் கரைத்து, காலியான இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தேன். ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய கரைசலை அதே பாட்டிலில் திரும்ப ஊற்றினேன். மூன்று பிலிம்கள் நன்றாக வந்தன. மே மாதம் கழுவிய நான்காவது பிலிம் வெளிறிப்போய், பால் படிந்ததுபோல் மங்கலாக இருக்கிறது. டெவலப்பர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. இதை இனியும் பயன்படுத்தலாமா? ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் கெடாமல் இருந்திருக்குமா? டெவலப்பருக்குப் பின் மீதி வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஃபிக்சரை எத்தனை பிலிமுக்கு நம்பலாம்?

உங்கள் நான்காவது பிலிமில் இரண்டு வெவ்வேறு குறைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை இப்போதும் சரிசெய்துவிடலாம். பால் படிந்த தோற்றத்துக்குக் காரணம் கரையாமல் தங்கிவிட்ட வெள்ளி உப்பு, அதாவது ஃபிக்சர் தன் வேலையை முடிக்கவில்லை. நெகட்டிவைச் சில நிமிடம் நீரில் ஊறவைத்து, புதிதாகக் கலந்த ஃபிக்சரில் 5 முதல் 10 நிமிடம் வைத்தால் அது தெளிந்துவிடும். இதை விளக்கு வெளிச்சத்திலேயே செய்யலாம். வெளிறல் மட்டும் போகாது. அது டெவலப்பரின் குற்றமா, படம் எடுத்தபோது ஒளி போதாமல் போனதா என்பதை அறிய, பிலிமின் ஓரத்தில் இருக்கும் எண்களையும் பெயரையும் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை என்பதால் உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அவை கருப்பாகத் தெளிந்து, படங்கள் மட்டும் வெளிறியிருந்தால் தவறு ஒளி அளவில். அவையும் வெளிறியிருந்தால் டெவலப்பரில். நீங்கள் சொல்லும் நிறத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள்.

டெவலப்பரைத் தீர்ப்பது பிலிமைவிடக் காற்றுதான். 1927 முதல் புழக்கத்தில் இருக்கும் டி-76இன் அச்சிடப்பட்ட செய்முறையில், ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம் என்று இருக்க, சோடியம் சல்ஃபைட் மட்டும் 100 கிராம் இருக்கிறது. அந்தச் சல்ஃபைட்டின் முக்கியப் பணிகளுள் ஒன்று, கரைசலுக்குள் நுழையும் ஆக்சிஜனைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு மெட்டாலையும் ஹைட்ரோகுவினோனையும் காப்பது. ஒரு லிட்டர் கரைசலுக்கு மேலே இன்னொரு லிட்டர் காற்றை மூன்று மாதம் அடைத்து வைத்தால் எந்தக் காவலும் தாங்காது. நிரம்பிய, இறுக மூடிய பாட்டிலில் ஆறு மாதம், பாதி நிரம்பியதில் இரண்டு மாதம் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. மதுரைக் கோடைக்கு இதையும் நான் குறைத்தே வைத்துக்கொள்வேன். இன்னொரு சங்கடமும் உண்டு: ஆக்சிஜனேற்றம் நடக்கும்போது கரைசலின் காரத்தன்மை உயர்வதால், இடைப்பட்ட காலத்தில் டி-76 வலுவிழப்பதற்குப் பதிலாகச் சற்று முறுக்கேறியும் வேலை செய்யக்கூடும். ஆகவே நிறம் மாறவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது.

திரும்ப ஊற்றிப் பயன்படுத்துவது தவறான முறை என்று சொல்லமாட்டேன். டி-76க்கு இணையான ஐடி-11ஐ, ஒரு லிட்டரில் பத்து பிலிம் வரை, முதல் பிலிமுக்குப் பின் ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம் நேரத்தைக் கூட்டிக் கழுவலாம் என்று இல்ஃபோர்ட் நிறுவனமே சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு பிலிம் கழுவுகிறவருக்கு அது பொருந்தும். மூன்று மாதத்தில் நான்கு பிலிம் கழுவும் உங்களுக்கு, அதே அளவு நீர் கலந்து ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிடும் முறையே ஏற்றது. ஒரு பிலிம் மட்டும் கொள்ளும் கழுவும் டேங்குக்குச் சுமார் 300 மில்லி போதுமென்பதால், ஒரு லிட்டர் மூலக்கரைசலில் தாராளமாக ஆறு பிலிம் கழுவலாம். பத்துக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் நான்கு பிலிம். ஒரு ரோல் பிலிம் இன்று விற்கும் விலையில், அதற்காக ஒரு ரோலைப் பலிகொடுப்பது சிக்கனமாகாது.

கரைசலைக் கலக்கிய அன்றே ஆறு பங்காகப் பிரித்துவிடுங்கள். 200 மில்லி பழுப்புக் கண்ணாடி மருந்துச் சீசாக்களை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் 160 மில்லி அளவுக்கு ஊற்றி, மீதி இடத்தைக் கோலிக்குண்டு போட்டுக் கழுத்து வரை உயர்த்தி மூடினால், ஒரு சீசா ஒரு பிலிமுக்கு என்று கணக்கு நேராகிவிடும். மலிவான பாலித்தீன் பாட்டில்கள் நாளடைவில் காற்றைக் கசியவிடும் என்பதால் அவை வேண்டாம். குளிர்பான பாட்டில் அந்த வகையில் பரவாயில்லை என்றாலும், வீட்டில் யாராவது எடுத்துக் குடித்துவிடக்கூடிய எதிலும் இதை வைக்கவே கூடாது. பொடியைப் பாதி பாதியாகக் கலக்கும் யோசனையும் வேண்டாம். பொட்டலத்துக்குள் பொருள்கள் சீராகப் பரவியிருக்காது. போர் தண்ணீருக்குப் பதிலாக ஆர்.ஓ. கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம். குளிரில் உப்புகள் படிகமாகிக் கீழே இறங்கிவிடும். உணவுக்குப் பக்கத்தில் மெட்டாலுக்கு இடமும் இல்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணும் ஆகாது, அது அடுப்பு மாதிரி. தரையோடு ஒட்டிய, வெளிச்சம் புகாத அலமாரி போதும். கழுவும்போதுதான் குளிர்ச்சி முக்கியம்: மண்பானைத் தண்ணீரில் ஐஸ் சேர்த்து, அதில் எல்லாச் சீசாக்களையும் நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். நீர் கலந்து கழுவும் முறையின் லாபம் இங்கே தெரியும். எச்பி5 பிளஸ் பிலிமுக்கு 20 டிகிரியில், நீர் கலக்காத டி-76 என்றால் ஏழரை நிமிடம், சமபங்கு கலந்தால் 11 நிமிடம்; 24 டிகிரியில் முந்தையது 5 நிமிடத்தை நெருங்கிவிடுகிறது, அதற்குக் கீழே போனால் படத்தில் திட்டுத்திட்டாக விழும். பிந்தையதில் ஏறக்குறைய 8 நிமிடம் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் நீர் கலந்த டெவலப்பரில் பிலிமின் நுனித்துண்டு ஒன்றை வெளிச்சத்திலேயே போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் அது நன்றாகக் கறுக்காவிட்டால் டேங்கில் ஊற்ற வேண்டாம்.

ஃபிக்சர் விஷயத்தில் நீங்கள் கஞ்சத்தனமாகவே இருக்கலாம், ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். இல்ஃபோர்ட் ரேப்பிட் ஃபிக்சரை ஒன்றுக்கு நான்கு நீர் என்று கலந்தால் லிட்டருக்கு 24 பிலிம் என்பது நிறுவனத்தின் கணக்கு. அந்த எண்ணிக்கையைவிட நுனித்துண்டுச் சோதனையை நம்புங்கள்: புதுக் கரைசலில் துண்டு முழுதாகத் தெளிய எத்தனை நொடி ஆகிறது என்பதைச் சீசாவிலேயே எழுதி வையுங்கள். அந்தந்த நாளில் தெளியும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்யுங்கள்; தெளியும் நேரமே புதுக் கரைசலின் நேரத்தைப் போல் இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் முடிந்தது. டி-மேக்ஸ், டெல்டா வகை பிலிம்கள் ஃபிக்சரை விரைவாகத் தீர்க்கும். அடியில் மஞ்சளாகக் கந்தகம் படிந்தால் எந்தச் சோதனையும் தேவையில்லை, கொட்டவேண்டியதுதான்.

ஆனால் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ கொட்டாதீர்கள். பழைய ஃபிக்சரில் கரைந்திருக்கும் வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. தனி கேனில் சேர்த்து வைத்து, எக்ஸ்ரே நிலையங்களின் ஃபிக்சரை வாங்கி வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுக்கலாம். அதில் துருப்பிடிக்கும் சாதாரண இரும்பு நாரைச் சில நாள் ஊறப்போட்டாலும் வெள்ளியின் பெரும்பகுதி கருஞ்சேறாக இறங்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் இதற்கு உதவாது. கழிவறை கழுவும் ஆசிட் எதனோடும் இந்தக் கேனைச் சேர்த்து வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் கந்தக வாயு கிளம்பும்.