பணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேச மாணவர்களைப் பழக்குவது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தும் நீங்கள், பணப் பேச்சு வந்தாலே மாணவர்கள் தடுமாறுவதாகவும், எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடனிலிருந்து தொடங்கலாம். தமிழில் கடன் என்ற ஒரே சொல்லோடு வாங்கு, கொடு என்பவற்றைச் சேர்த்தால் போதும். ஆங்கிலத்திலோ வாங்குவதற்கு 'பாரோ', கொடுப்பதற்கு 'லெண்ட்' என இரு தனி வினைகள் இருப்பதால், 'பாரோ மீ ஹண்ட்ரட் ருபீஸ்' என்ற பிழை எளிதில் வந்துவிடுகிறது. வட்டியில் சிக்கல் இன்னும் பெரிது. நம் ஊரில் 'இரண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது சொல்லாமலே விளங்கும். அதை 'டூ பெர்சென்ட்' என்று மட்டும் சொன்னால், கேட்பவர் ஆண்டு வட்டி என எண்ணி, 24 சதவீதக் கடனை மலிவானது என்று நினைத்துவிடுவார். 'எ மந்த்' என்பதையும் சேர்த்தே சொல்லிப் பழக்குங்கள்.

எண்களுக்குப் பாடநூலைவிட நெல் கொள்முதல் நிலைய ரசீது நன்கு உதவும். 40 கிலோ சிப்பம் 60 என்றால் 24 குவிண்டால்; அதை ரசீதிலுள்ள விலையால் பெருக்கி, வந்த தொகையை உரக்கச் சொல்ல வேண்டும். இந்திய ஆங்கிலத்தில் லட்சம் பிழையன்று (சில ஆசிரியர்கள் வீணாகத் திருத்துகிறார்கள்), ஆனால் வெளிநாட்டவரிடம் 'ஹண்ட்ரட் தௌசண்ட்' என்றால்தான் விளங்கும்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்பது நமக்கு நலம் விசாரிப்பதைப் போன்றது; இங்கிலாந்தில் அறிமுகமற்றவரிடம் அவ்வாறு கேட்பது பொதுவாக நாகரிகமாகக் கருதப்படுவதில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.