பிஎஸ் 5 விளையாட டிவி வாங்குகிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்? 120 ஹெர்ட்ஸ் அவசியமா?

நீங்கள் கேட்டது 55 அங்குல 4கே டிவி, முக்கியமாக பிஎஸ் 5-க்கு, பிறகு நின்டெண்டோவின் சுவிட்ச் 2 கேம் கன்சோலும் வரலாம் என்று. படம் பார்க்க அருமையாக இருக்கும் டிவி விளையாடவும் அருமையாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சினிமா ஓடும்போது டிவி ஒவ்வொரு காட்சியையும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து மெருகேற்றிக் காட்டுகிறது. ஒலியையும் அதே அளவு தள்ளிப்போட்டுவிட்டால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கன்ட்ரோலரில் பட்டனை அழுத்திய விரலுக்கு அந்தத் தாமதம் உடனே தெரியும்.

இதுதான் இன்புட் லேக். கேம் மோட் (இந்த மெருகேற்றலைக் குறைத்துப் படத்தைச் சட்டென்று காட்டும் டிவி செட்டிங்) போடாத டிவியில் இது 100 மில்லிநொடியைத் தொடுவது சாதாரணம். நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) காட்டும் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி. அப்படியென்றால் நீங்கள் குதிக்கச் சொல்லி ஆறு ஃபிரேம் கழித்துத்தான் திரையில் பாத்திரம் குதிக்கும். நல்ல டிவிகள் கேம் மோடில் 60 ஹெர்ட்ஸுக்கு (திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் வேகம்) 10 முதல் 15 மில்லிநொடிக்குள் வந்துவிடும். டிவி திரையை மேலிருந்து கீழாக வரைவதால் நடுப்பகுதிக்கு வரவே அரை ஃபிரேம் ஆகிறது. அதனால் நடுவில் அளக்கும்போது 8 மில்லிநொடிக்குக் கீழே போக வழியில்லை. 9-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 20-க்குள் இருந்தால் போதும், கேம் மோடிலேயே 30-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிடும் "1 மில்லிநொடி" என்பது வேறு சமாச்சாரம். அது ஒரு பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம், ரெஸ்பான்ஸ் டைம். இன்புட் லேக் பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. கருவி வைத்து அளந்து வெளியிடும் விமர்சனங்களில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது 120 ஹெர்ட்ஸ். பட்ஜெட் இடம் கொடுத்தால் கண்டிப்பாக வாங்குங்கள் என்பேன். 120 ஃபிரேமில் ஓடும் கேம்கள் குறைவுதானே என்று கேட்கலாம். அதைவிட முக்கியமான பயன் 40 ஃபிரேம் மோட். 120-ஐ 40 சரியாக வகுக்கும், ஒவ்வொரு ஃபிரேமும் மூன்று முறை காட்டப்படும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 வகுபடாது, அசைவு தட்டுத் தடுமாறும். 30 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 33.3 மில்லிநொடி, 60-இல் 16.7, 40-இல் 25. நேரக் கணக்கில் 40 என்பது சரியாக நடுவில் நிற்கிறது. கிராஃபிக்ஸைக் குறைக்காமல் ஆட்டம் இலகுவாகும். பல பெரிய பிஎஸ் 5 கேம்களில் இந்த மோட் இருக்கிறது, அதற்கு 120 ஹெர்ட்ஸ் திரை வேண்டும்.

விஆர்ஆர் (மாறும் ரெஃப்ரெஷ் ரேட்) என்பதும் இதோடு சேர்ந்தது. கேமின் ஃபிரேம் ஏறி இறங்கும்போது திரையும் அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும், படம் கிழிந்து தெரியாது. பிஎஸ் 5-க்கு இது 2022 ஏப்ரலில் வந்தது, 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். ஒரு சிக்கல் உண்டு: விஆர்ஆர் போட்டால் சில ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வது), விஏ (எல்சிடியில் ஒரு வகை) திரைகளில் இருட்டுக் காட்சிகளிலும் லோடிங் திரையிலும் வெளிச்சம் லேசாகத் துடிக்கும். டிவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். தொந்தரவாக இருந்தால் அந்த கேமுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.

120 ஹெர்ட்ஸ் டிவி தேடும்போதுதான் ஏமாற வாய்ப்பு அதிகம். "மோஷன் ரேட் 240" போன்ற எண்கள் விளம்பரத்துக்கானவை, அதற்குள் வெறும் 60 ஹெர்ட்ஸ் பேனல் இருக்கலாம். நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது பேனலின் உண்மையான வேகம், எவ்வளவு என்று பாருங்கள். சில 60 ஹெர்ட்ஸ் 4கே பேனல்கள் செங்குத்து ரெசல்யூஷனைப் பாதியாக்கி 120 காட்டும், அதையும் "120 ஹெர்ட்ஸ்" என்றே விற்பார்கள். "எச்டிஎம்ஐ 2.1" என்ற முத்திரையும் உத்தரவாதம் அல்ல. அந்தத் தரத்தின் ஏதோ ஒரு வசதி மட்டும் இருந்தாலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 4கே, 120 ஹெர்ட்ஸ், எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் விரிவாகத் தெரியும் படம்), விஆர்ஆர் நான்கையும் ஒரே நேரத்தில் எந்தப் போர்ட் ஏற்கும்? பழைய எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 ஜிகாபிட். 2.1-இன் உச்சம் 48. பிஎஸ் 5 அனுப்புவது 32 வரை, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 40 வரை. ஆகவே கன்சோலுக்காக 48-ஐத் தேடி அலைய வேண்டாம்.

நான்கு போர்ட் உள்ள பல டிவிகளில் இரண்டு மட்டுமே முழு வேகப் போர்ட். அந்த இரண்டில் ஒன்றே ஈஆர்க் (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும்) போர்ட்டாகவும் இருந்தால், சவுண்ட்பார் அதைப் பிடித்துக்கொள்ளும், கன்சோலுக்கு ஒன்றுதான் மிஞ்சும். உங்களுக்கு அது போதும். சுவிட்ச் 2 டிவியில் 4கே தருவது 60 ஹெர்ட்ஸ் வரைதான், சாதாரணப் போர்ட்டில் விடலாம்.

பேனல் விஷயத்தில் அறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவில், விளக்கணைத்து விளையாடுபவருக்கு ஓஎல்இடிதான். கறுப்பு கறுப்பாகவே இருக்கும், அசைவில் மங்கல் கிட்டத்தட்ட இல்லை. பிக்சல் அவ்வளவு சட்டென்று மாறுவதால் 30 ஃபிரேம் கேம் மட்டும் கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும். தினமும் மணிக்கணக்கில் ஒரே கேம், திரையின் மூலையில் அசையாத மேப், ஹெல்த் பார் என்றால் நாளடைவில் தடம் பதிய வாய்ப்பு உண்டு, அப்படிப்பட்டவர் மினி எல்இடி (பின்னால் ஏராளமான சிறு விளக்குகள் உள்ள எல்சிடி) பக்கம் போவது நல்லது. பகல் வெளிச்சம் அடிக்கும் கூடத்துக்கும் அதுவே. லோக்கல் டிம்மிங் (திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்கச் செய்வது) இல்லாத, 300 நிட்ஸ் அளவே வெளிச்சம் தரும் டிவியில் "எச்டிஆர்" என்று எழுதியிருப்பதற்கு அர்த்தம் குறைவு. அதில் எச்டிஆரை அணைத்துவிட்டு விளையாடினால் படம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எல்சிடி டிவி என்றால், பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் அதிகமிருந்தால் ஐபிஎஸ் வகை, இல்லையென்றால் விஏ.

தூரம்: 55 அங்குலத்துக்கு 1.7 மீட்டர் முதல் 2.2 மீட்டர் வரை. 3 மீட்டர் தள்ளி உட்காருவீர்கள் என்றால் 65 எடுங்கள்.

வாங்கிய பிறகும் பாதி வேலை மிச்சம். பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட் மெதுவான நிலையிலேயே வரும். செட்டிங்ஸில் "என்ஹான்ஸ்டு" அல்லது "டீப் கலர்" என்ற பெயரில் உள்ளதை, கன்சோல் செருகிய அந்தப் போர்ட்டுக்கு ஆன் செய்ய வேண்டும். கன்சோலோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். வேறு வாங்கினால் அல்ட்ரா ஹை ஸ்பீடு சான்று உள்ளதாக, 3 மீட்டருக்குள் இருக்கட்டும். திரை இரண்டு நொடி கறுத்து மீள்வதும், வெள்ளைப் புள்ளிகள் மினுங்குவதும் பெரும்பாலும் கேபிளின் வேலை. நடுவில் பழைய ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) இருந்தால் அதுவே 120-ஐ மறித்துவிடும். கன்சோலை நேராக டிவியில் செருகி, ஒலியை ஈஆர்க் வழியாக அனுப்புங்கள்.

எச்டிஆர் அளவீட்டுக்கு முன் டிவியின் டோன் மேப்பிங் (வெளிச்சத்தைத் திரைக்கேற்ப அடக்குவது) செட்டிங்கில் எச்ஜிஐஜி (அந்த வேலையைக் கன்சோலிடம் விடும் தேர்வு) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கன்சோலும் டிவியும் ஒரே வெளிச்சத்தை இரண்டு முறை திருத்தும், மேகமும் பனியும் வெளுத்துப்போகும். பிறகு பிஎஸ் 5-இன் எச்டிஆர் சரிசெய்யும் திரைகளில் சின்னம் கண்ணுக்கு மறையும் எல்லை வரை நகர்த்துங்கள். ஆர்ஜிபி ரேஞ்சை (கறுப்பும் வெள்ளையும் எந்த அளவில் தொடங்கி முடியும் என்பது) ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். கன்சோலில் ஒன்றும் டிவியில் வேறொன்றும் இருந்தால் நிழல்கள் கறுப்பில் மூழ்கும், அல்லது படம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் ஆகும்.

கடைசியாக, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் பிஎஸ் 5-இல் செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் தகவல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இணைத்த டிவி ஏற்பவற்றின் பட்டியலில் 2160பி (அதாவது 4கே) 120 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். 120 ஃபிரேம் கேம் ஓடும்போது நிற வடிவம் 4:2:2 (நிறத் தகவலைச் சற்றுக் குறைத்து அனுப்புவது) என்று காட்டினால் அது பழுது அல்ல, கன்சோலின் 32 ஜிகாபிட் வரம்புக்குள் அடக்க அப்படி அனுப்புகிறது. சோபாவிலிருந்து பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது.