போத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது என்ன?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏரோபோனிக்ஸ் பற்றியவை. மண் இல்லாமல், செடியின் வேரை, கோபுரம் போல நிமிர்ந்த மூடிய குழாய்க்குள் தொங்கவிட்டு, சத்துக் கரைசலைப் பனிப்புகார் போல விசிறி வளர்க்கும் முறை இது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

லெட்டஸ் வளர்க்க ஒரு கோபுரமும் அதற்கென்று இரண்டு லீற்றர் சத்துக் கரைசலும் வாங்கினேன். ஒரே மாதத்தில் போத்தலின் அடியில் சுண்ணாம்பு போலப் படிந்துவிட்டது. "குலுக்கி ஊற்றுங்கள், வேறு சத்துப் பாவித்தால் உத்தரவாதம் இல்லை" என்கிறார் விற்றவர். – வாசகி, கோண்டாவில்

தங்கச்சி, பிழை உங்களில் இல்லை. கல்சியத்தையும் சல்பேற்றையும் உறைப்பாக ஒரே போத்தலில் கலந்தால் இரண்டும் சேர்ந்து ஜிப்சமாக அடியில் விழும். கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்தாலும் அப்படித்தான். எவ்வளவு குலுக்கினாலும் அது திரும்பக் கரையாது. செடிக்குப் போக வேண்டிய கல்சியம் போத்தலிலேயே தங்கிவிடும், மிச்சத் துகள் கரைசலைத் தெளிக்கும் விசிறியின் வாயை அடைக்கும். இதனால்தான் நல்ல சத்துகள் ஏ, பி என்று இரண்டு போத்தலாக வருகின்றன. முதலில் தாங்கி நிறையத் தண்ணீர், பிறகு ஏ, நன்றாகக் கலக்கிய பிறகே பி.

உங்கள் போத்தலில் லேபல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் எனக்கும் இது நடந்தது. 2021-இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியிருந்த மாதங்களில், செழித்த கீரைப் படம் ஒட்டிய பச்சை நிறப் போத்தல் ஒன்றை வாங்கினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. செடிகள் வெளிறிக்கொண்டே போயின. பிறகு, தண்ணீரில் எவ்வளவு உப்புச் சத்துக் கரைந்திருக்கிறது என்று மின்கடத்தலை வைத்துக் காட்டும் ஈ.சி. மீற்றர் ஒன்று வாங்கி, மழைத் தண்ணீரை அளந்து, சொன்ன அளவு சத்தை அதில் ஊற்றித் திரும்பவும் அளந்தேன். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. நான் காசு கொடுத்தது நிறம் கலந்த தண்ணீருக்கு.

அன்று முதல் எல்லோரிடமும் இதைத்தான் சொல்லி வருகிறேன். நைதரசன், பொஸ்பரசு, பொட்டாசியம், கல்சியம், மகனீசியம் எத்தனை வீதம், இரும்பு எந்த வடிவில், யார் செய்தது, எப்போது காலாவதியாகும் என்று எழுதாத போத்தலுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். "அது எங்கள் தொழில் இரகசியம்" என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம். அரிசிப் பையில்கூட நிறை எழுதியிருக்கிறதே!

நீங்கள் செய்ய வேண்டியது: போத்தலைக் கழுவாமல் அப்படியே படம் எடுத்து வையுங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நாளைக் கடத்த வேண்டாம். இதற்கிடையில் செடிகளைக் காப்பாற்ற, பசளைக் கடையில் அல்பேர்ட் கலவை என்ற சத்துத் தூளை வாங்கி, பொதியில் சொன்ன அளவில் நேரே தாங்கித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்துப் பாவியுங்கள்.

சத்துக்குப் பதிலாக யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா? – சாவகச்சேரி

வேண்டாம். மண்ணில் யூரியாவை உடைத்து நைத்திரேற்றாக்க நுண்ணுயிர்கள் உண்டு. உங்கள் குழாயில் அதற்குப் போதுமானவை இல்லை.

கிணற்றுத் தண்ணீரில்தான் கரைக்கிறேன். பி.எச். (புளிப்பு, கார அளவு) ஆறுக்குக் கொண்டுவந்தால் அடுத்த நாளே ஏழரைக்கு ஏறுகிறது. புது இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. விலை கூடிய சத்து வாங்கவா? – உரும்பிராய்

சத்தை மாற்றுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். நம் யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுபவை. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் உங்கள் பி.எச்.ஐ மேலே இழுக்கிறது. பி.எச். ஏறினால் இரும்பு கரைசலில் நிற்காது. நீங்கள் சொல்லும் மஞ்சள் இரும்புக் குறையின் அடையாளம். இரும்பைக் கரைசலில் பிடித்துவைக்கும் சேர்வைகளில், இ.டி.டி.ஏ. பி.எச். ஆறரைக்கு மேல் பலமிழக்கும், டி.டி.பி.ஏ. ஏழு தாண்டியும் ஓரளவு தாங்கும். லேபலில் எது என்று பார்த்து வாங்குங்கள்.

வெறும் கிணற்றுத் தண்ணீரின் ஈ.சி.யையும் அளந்து பாருங்கள். லெட்டஸுக்கு மொத்தமே 1 முதல் 1.5 mS/cm வரை போதும். தண்ணீரே 1 காட்டினால் சத்துக்கு இடம் எங்கே? ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து பிடித்துச் சரிபாதி கலந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். பி.எச். அளக்கும் பேனாவை, பி.எச். 4, 7 என்று குறித்த சோதனைக் கரைசல்களில் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம். மலிவாக வாங்கிய ஒரு பேனா ஏழரையை ஆறு என்று காட்டி, என் ஒரு தட்டுச் செடிகளை அழித்தது.

வேர் எல்லாம் மண்ணிறமாகி மணக்கிறது. கோபுரம் மொட்டை மாடியில் இருக்கிறது, தாங்கி வெள்ளை நிறம். கையேடு வாசிக்க நேரமில்லை. என்ன மருந்து வாங்கலாம்? – கொக்குவில்

தம்பி, இவ்வளவு காசு போட்டு வாங்கிய பொருளின் கையேட்டை வாசிக்க அரைமணி நேரம் இல்லையென்றால், மருந்துக்கும் காசை வீணாக்காதீர்கள். வெள்ளைத் தாங்கிக்குள் வெளிச்சம் போகும், பாசி பிடிக்கும். மொட்டை மாடி வெயிலில் கரைசல் சுடும். 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 30 பாகையில் ஏழரைதான். அந்தச் சூட்டில் பித்தியம் என்ற அழுகல் நோய் பரவும்.

முதலில் ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவிப் பாருங்கள். நிறம் மட்டும் மாறி, வேர் இறுக்கமாக, நுனி வெள்ளையாக இருந்தால் அது சத்தின் கறை, பயப்படத் தேவையில்லை. தோல் வழுக்கிக் கையோடு வந்து, உள்ளே நூல் போல மட்டும் மிஞ்சினால் அழுகல். அந்தச் செடியை எடுத்துவிடுங்கள். தாங்கியைக் காலி செய்து கழுவி, கறுப்புத் துணி சுற்றி, கிடுகு நிழலில் வையுங்கள். தாங்கியை நிலத்தில் பாதி புதைத்தாலும் சூடு குறையும். மோட்டரைத் தொடர்ந்து ஓட விடாமல் விட்டுவிட்டு ஓடவையுங்கள், வேர் மூச்சு விட வேண்டும். ஐதரசன் பேரொட்சைட்டு இரண்டொரு நாளுக்கு உதவும், சூடு அப்படியே இருந்தால் அழுகல் திரும்பி வரும்.

மீன் கரைசல் ஊற்றலாமா? – மானிப்பாய்

தோட்டத்து மண்ணுக்கு ஊற்றுங்கள், அருமையாக இருக்கும். விசிறியில் ஊற்றினால் அடைத்துவிடும், வேரும் வழுவழுத்துப் போகும்.

கரண்ட் போனால் என்ன செய்வது? – அச்சுவேலி

தொங்கும் வேருக்குக் கையிருப்புத் தண்ணீர் கிடையாது, மத்தியான வெக்கையில் மோட்டர் நின்றால் சீக்கிரம் காய்ந்துவிடும். 2022-இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே 12 வோல்ற் மோட்டராகவே வாங்கி, பற்றரியில் இணைத்து, கரண்ட் இருக்கும்போது பற்றரியை ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்கு வசதி இல்லாவிட்டால் கைத்தெளிப்பான் ஒன்றை நிறைத்துப் பக்கத்தில் வைத்திருங்கள்.

விசிறி வாய் அடிக்கடி அடைக்கிறது. வெளிநாட்டு விசிறி வாங்கவா? – நல்லூர்

முதலில் மோட்டருக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு வடி வாங்குங்கள். அடைத்த விசிறிகளைக் கழற்றி வினாகிரியில் ஓரிரவு ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். ஊசியால் குத்த வேண்டாம், துளை பெரிதாகிப் புகாருக்குப் பதில் தண்ணீர் பாயும்.