எந்தப் பட்டறை, ஐயா?

கேள்வி: சிறு தொழிற்பட்டறைகளில் வேலை செய்பவர்களின் உரிமையைக் காக்கும் திட்டங்களுக்கு எங்கள் சங்கம் நிதி ஒதுக்கியிருக்கிறது. முதல் பட்டறையை எங்கே நடத்தலாம்?
(சங்கச் செயலாளர் ஒருவர், சுங்கை சிப்புட்)

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு பட்டறை இருக்கிறது, கவனித்தீர்களா? முதல் பட்டறையில் இரும்பை அறுக்கிறார்கள், இரண்டாவதில் கழுத்தை. மலாய்க்காரர்களும் கார் பழுது பார்க்கும் இடத்தையும் பெங்கெல் என்கிறார்கள், ஓட்டல் மண்டபத்தில் கோப்பு கொடுத்து மீ கோரேங் போடுவதையும் பெங்கெல் என்கிறார்கள், அது அவர்கள் பாடு. நமக்கு என்ன வந்தது? கவிதைப் பட்டறை, தன்முனைப்புப் பட்டறை, ஒன்றிலும் சுத்தியல் சத்தம் கிடையாது. 'பயிலரங்கு' என்று எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தில் ஒருமுறை சொன்னதற்கு ஒரு சங்கம் எனக்கு அழைப்பிதழ் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. மீ கோரேங் போச்சு.

போன மாதம் வீட்டுக்குக் கிரில் அடிக்கச் சொல்லப் போனேன். பக்கத்துக் கொட்டகையில் கதவுக் கீல் செய்கிறார்கள். அங்கே ஒரு பிரஸ் எந்திரம், அதில் இரண்டு பச்சைப் பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும், கை உள்ளே மாட்டக்கூடாதென்று செய்த ஏற்பாடு. இடது பொத்தானில் தீக்குச்சி செருகியிருந்தது. ஏன் தம்பி என்றேன். "ஆயிரம் கீலுக்கு இவ்வளவுன்னு கண்ட்ராக், அங்கிள். ரெண்டு கையும் பொத்தான்ல இருந்தா தகரத்த யார் நகத்துறது?" என்றான். விரல் போகும் என்று அவனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்பவருக்கு ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. கண்ட்ராக் விலை ஏறாமல் அந்தத் தீக்குச்சி வெளியே வராது.

சங்கம் வைத்துக் கேட்கலாமே என்பீர்கள். தொழிற்சங்கம் பதிய ஏழு பேர் கையெழுத்து வேண்டும், அங்கே இருப்பது நாலு பேர், அதில் ஒருவர் முதலாளியின் மச்சான். அக்கம்பக்கத்துக் கொட்டகைகள் சேர்ந்தால்தான் உண்டு, அவர்களைச் சேர்க்க யாராவது ராத்திரி வீடு வீடாக அலைய வேண்டும். அந்த ஆளுக்குப் பெட்ரோல் காசு கொடுங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, ஆனால் போய் வர ஒரு நாள் சம்பளம் போய்விடும், அதைக் கொடுங்கள். ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் முதலாளி, விபத்துக்கு இழப்பீடு தரும் பெர்கேசோவில் பதிந்தாக வேண்டும், விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். நடப்பது என்ன? 'வீட்டுக் கதவில் நசுங்கியது என்று டாக்டரிடம் சொல்' என்பார்கள். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் கூட நின்று பாரம் நிரப்ப, தமிழும் மலாயும் கொஞ்சம் வங்காளமும் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை என்பது சட்டம். அந்தக் கொட்டகைச் சுவரில் தொங்குவதோ 2019 காலண்டர்.

நிதி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நம்மூர்க்காரர், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பால்வெட்டுக்காரர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித்தான் நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். அப்பா கட்டிய ரசீது என் பெட்டியில் இருக்கிறது, உள்ளங்கை அகலம்தான். இப்போதோ ஐந்நூறு வெள்ளி கொடுப்பதற்குக் கதவு அகலத்தில் மாதிரிக் காசோலை, அதைப் பிடித்துக்கொள்ள ஏழு பேர், ஆளுக்கொரு பொன்னாடை. ஏழு பேர் கிடைக்காமலா போகிறார்கள்?

சரி, கேட்டதற்கு வருகிறேன். முதல் பட்டறை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, ஒட்டுக்கடைக்குப் பின்னால், தினமும் காலை எட்டு மணிக்கு. மீ கோரேங் கிடையாது. காசோலையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், வாசலில் நுழையாது.