வாசகர் கேள்வி: பேராசிரியர் அரசுக்குள் போனால்

கேள்வி: ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் அடிப்படையில் பேராசிரியர் என்று படித்தேன். பாடம் நடத்துகிறவர் அரசுப் பொறுப்புக்கு வந்து உண்மையில் எதையேனும் மாற்ற முடிகிறதா? பொருளியல் முதுகலை படிக்கும் என் மகளுக்காகவும் கேட்கிறேன்.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முடிந்திருக்கிறது, ஆனால் பதவியேற்ற மறுநாளே அல்ல. 1964இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரங்கராஜன், அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் கற்பித்துவிட்டு, 1982இல் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநரானார். ஆளுநரானது 1992 டிசம்பரில். அந்த இடைக்காலத்தைப் பலரும் கவனிப்பதில்லை.

அக்காலத்தில் மத்திய அரசின் கையிருப்பு குறையும்போதெல்லாம், சந்தையில் கடன் கேட்டு நிற்காமல், ‘அட்ஹாக்’ கருவூல உண்டியல்கள் என்னும் குறுகியகாலக் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கிக்கு எழுதிக்கொடுத்துப் பணம் பெறும் வழக்கம் இருந்தது. சந்தை வட்டி எவ்வளவு உயர்ந்தாலும் இதற்கு வட்டி 4.6 சதவீதம்தான், 1974 முதல் அது அசையவே இல்லை. 91 நாளில் தீர வேண்டிய கடன் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்து நிரந்தரக் கடனாகியது. புதிதாக உருவாக்கப்பட்ட பணம் புழக்கத்தில் சேர்ந்து விலைவாசியை ஏற்றும் அபாயமும் கூடவே வளர்ந்தது. ரங்கராஜன் ஆளுநராக இருந்த 1994 செப்டம்பரில் அரசும் ரிசர்வ் வங்கியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 1994–95 நிதியாண்டின் முடிவில் இந்த உண்டியல்களின் நிகர வெளியீடு 6,000 கோடி ரூபாயைத் தாண்டக்கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. 1997 ஏப்ரலில் அந்த உண்டியல்களே நிறுத்தப்பட்டு, உச்சவரம்புள்ள குறுகியகால முன்பணம் அந்த இடத்துக்கு வந்தது. 1994இல் நிதியமைச்சராக இருந்த மன்மோகன் சிங்கும் டெல்லிப் பொருளியல் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர் என்பது பேச்சை எளிதாக்கியிருக்கும் என்பது என் ஊகம். எனினும், நிறுவனத்துக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் இருந்து அதன் கணக்குகளை அறிந்த ஒருவரால்தான் தன் முதலாளியான அரசின் கையைக் கட்டும் ஏற்பாட்டை அரசையே ஒப்புக்கொள்ள வைக்க முடியும்.

உங்கள் மகள் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளியல் பணித் தேர்வை எழுதலாம். ஆய்வுக்குப் போக விரும்பினால் கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் பொருளியல் பள்ளியும், அடையாற்றில் மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. இரண்டுமே தென்சென்னையில் இருப்பது வடசென்னைக்காரர்களான நமக்குப் பழகிப்போன குறை.

கேள்வி: நகரத்தில் நாளுக்கு 47 ரூபாய் செலவழித்தால் ஏழையில்லை என்று சொன்னதும் ரங்கராஜன்தானே?
– வாசகர், காசிமேடு

பதில்: அவர் தலைமையில் வறுமையை அளந்த நிபுணர் குழுதான், 2014இல். அந்த 47 ரூபாய்க்கு அடிப்படையான வறுமைக்கோடு, தலைக்கு மாதம் 1,407 ரூபாய் என்பது 2011–12 விலைநிலையில் போடப்பட்ட அகில இந்திய நகர்ப்புறக் கணக்கு. முந்தைய டெண்டுல்கர் குழு முறையின் 1,000 ரூபாயைவிட அது கூடுதல். கிராமம், நகரம் இரண்டையும் சேர்த்து நாட்டில் ஏழைகளின் பங்கும் 21.9 சதவீதத்திலிருந்து 29.5 ஆக உயர்ந்தது. அதாவது, ஏழைகளைக் குறைத்துக் காட்டியதாகத் திட்டப்பட்ட அறிக்கை உண்மையில் அவர்களைக் கூட்டிக் காட்டியது. அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்கவுமில்லை. ஆனாலும் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் கடனில் ஓடும் குடும்பத்தின் நிலையைச் சராசரி மாதச் செலவு என்னும் ஒற்றை எண் காட்டாது.