போர்முனையிலிருந்து திரும்பிய அப்பா இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் இரவில் அலறுகிறார், இனியும் குணமாகுமா?

குணமாகும். அடியோடு மறைந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் உறங்கவும் வீட்டாரோடு உட்கார்ந்து உண்ணவும் முடிகிற அளவுக்குக் குறையும் என்பதை என் தந்தையிடம் கண்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் ஆண்டுக்கணக்கைப் பார்த்தால், உங்கள் தந்தை கார்கிலில் இருந்தவராக இருக்கலாம். என் தந்தை 1987 அக்டோபரில் இலங்கையின் யாழ்ப்பாணத்துக்குள் சென்ற இந்திய அமைதிப்படையில் இருந்தவர். ஊர் திரும்பிய முதல் மாதமே எங்கள் வரப்போரத்துப் பனைகள் இரண்டையும் வெட்டிச் சாய்த்தார். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்று பெரியப்பா ஊரார் முன்னிலையில் சொல்லிக் காட்டினார். காய்ந்த ஓலை உரசும் ஓசைக்கு நடுவேதான் தன் பிரிவினர் மூவர் விழுந்தார்கள் என்பதை அப்பா அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஓர் இரவு, அலறியவரை அம்மா தோளைத் தொட்டு உலுக்க, அவர் அம்மாவின் கழுத்தைப் பிடித்துவிட்டார். ஒரு வாரம் அம்மா முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியபடியே நடமாடினார். ஆகவே உங்கள் தந்தையைத் தொட்டு எழுப்பாதீர்கள். விளக்கைப் போட்டு, எட்ட நின்று, பெயர் சொல்லி அழையுங்கள்.

இதை எழுதுவதால் அமைதிப்படையின் செயல்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாகச் சிலர் எண்ணக்கூடும். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் கொல்லப்பட்டவர்களை நான் மறக்கவில்லை. அப்பாவும் மறக்கவில்லை, அங்கே அவர் கேட்ட அழுகுரல்கள் அவருடைய தாய்மொழியில் இருந்தன.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களை முன்னிட்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இலேயே பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு) என்று பெயரிட்ட இந்த நோய்க்கு, அப்பா 2014இல்தான் மருத்துவரைப் பார்த்தார். அதுவரை ராணுவ கேன்டீன் ரம்தான் அவருக்கு மருந்து. உதவி கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், "கை கால் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார்கள், அந்தக் கேள்வியை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. மனச்சோர்வைக் குறைக்கும் செர்ட்ராலின் மாத்திரையோடு, நடந்ததை வாரந்தோறும் மருத்துவர் முன் மறுபடி மறுபடி சொல்லவைக்கும் சிகிச்சையும் நடந்தது. முதல் சில வாரங்களில் அலறல் கூடியது. அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணை அழையுங்கள். மருத்துவரிடம் போகும்போது, இரண்டு வாரங்களாக அவர் எந்த மணிக்கு விழிக்கிறார், எவ்வளவு குடிக்கிறார் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.