மதில்மேல் பூனைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, தெருப்பூனைகளைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவருகிறோம். நோயுற்றவற்றையும் தாயை இழந்த குட்டிகளையும் மட்டும் எங்களில் ஒருவர் வீட்டில் வைத்துப் பராமரிக்கிறோம். அண்மையில் நகராட்சியிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்துள்ளது. தொடர்ந்து உணவிடுவதால் நாங்களே அப்பூனைகளின் உரிமையாளர்கள், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் விலங்குகளை வைத்திருக்கிறோம், கருத்தடைக்குப்பின் தெருவில் விடுவது விலங்கைக் கைவிடும் குற்றம் என்றெல்லாம் அதில் கூறப்பட்டுள்ளது. உரிமம் பெறாவிட்டால் பூனைகளைப் பறிமுதல் செய்வார்களாம். நல்லது செய்யப் போனவர்களைக் குற்றவாளிகளாக்கச் சட்டத்தில் இடமுண்டா?

பதில்: இடமுண்டு. நோக்கம் நல்லது என்பதற்காக மட்டும் எந்த நீதிமன்றமும் ஒரு துணைவிதியை (நகராட்சி தன் எல்லைக்குள் இயற்றும் விதியை) ஒதுக்கிவைத்துவிடாது. ஆயினும், நீங்கள் எழுதியுள்ளபடி பார்த்தால், நகராட்சி தன் வாதத்திலேயே சிக்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. அப்பூனைகள் உங்களுடையவை என்றால் அவை சட்டத்தின் பார்வையில் உங்கள் சொத்து. உரிய அறிவிப்பும் விசாரணையும் இன்றி அவற்றை நாதியற்ற விலங்குகளைப்போல் அள்ளிச்செல்ல இயலாது. உங்களுடையவை அல்ல என்றால், எண்ணிக்கை வரம்பை மீறினீர்கள் என்றோ உரிமம் பெறவில்லை என்றோ சொல்வதற்கு அடிப்படையே இல்லை. தமக்கு உரியதல்லாத ஒன்றை ஒருவர் கைவிட்டார் என்று நிறுவுவதும் எளிதல்ல.

இதே முரண்பாடு உங்கள் தரப்பிலும் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. அபராதம் என்றதும் ‘இவை யாருக்கும் சொந்தமில்லாத பூனைகள்’ என்பதும், பறிமுதல் என்றதும் ‘எங்கள் பூனைகளைத் திருப்பித் தாருங்கள்’ என்பதும் மீட்புக் குழுக்களின் மனுக்களில் அடிக்கடி காணக்கூடியவை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது இந்த இடத்தைத்தான். ஆகவே பதில் எழுதுவதற்கு முன்பாக, வீட்டில் வைத்திருக்கும் பூனைகள் எவை, தெருவில் வாழ்பவை எவை என்று இரு பட்டியல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பட்டியலுக்கு நீங்கள் பொறுப்பேற்கத்தான் வேண்டும். எண்ணிக்கை வரம்பும் உரிமமும் அவற்றுக்குப் பொருந்தும் என்றால் அதை ஒப்புக்கொண்டு சரிசெய்வதே நல்லது. வாதாட வேண்டியது இரண்டாம் பட்டியலுக்காக.

இனி ‘உரிமையாளர்’ என்ற சொல்லுக்கு வருவோம். வாங்கியவரும் வளர்ப்பவரும் மட்டுமல்லாமல், விலங்குக்கு அடைக்கலம் தருபவரும் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் உணவிடுபவரும் உரிமையாளரே என்று பல நகரங்களின் துணைவிதிகள் விரிவாக வரையறுக்கின்றன. கடித்த நாயைத் தன்னுடையதல்ல என்று கைகழுவுபவரைப் பொறுப்பாக்க இத்தகைய வரையறை உதவும். எலும்பும் தோலுமான பூனைக்கு ஒரு தட்டுச் சோறு வைப்பவரையும் அதே வலையில் அள்ளுவதுதான் சிக்கல். இதை உணர்ந்த சில நகரங்கள், பதிவு பெற்ற பூனைப் பராமரிப்பாளர்களை உரிமையாளர் என்ற வரையறையிலிருந்து வெளிப்படையாக விலக்கியுள்ளன. உங்கள் துணைவிதியில் அப்படி ஒரு விலக்கு இருக்கிறதா, ‘உணவிடுதல்’ என்ற சொல் வரையறைக்குள் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை நோட்டீஸில் படித்து நம்பாமல், மூல விதியில் நீங்களே பாருங்கள். (பூனையின் மதிப்பைச் சட்டம் எழுதுவது புதிதன்று. 10ஆம் நூற்றாண்டு வேல்ஸ் மன்னர் ஹைவெல் தா பெயரால் வழங்கும் சட்டங்களில், கண் திறக்காத குட்டிக்கு ஒரு பென்னி, கண் திறந்து எலி பிடிக்கும்வரை இரண்டு, எலி பிடிக்கத் தொடங்கியபின் நான்கு என்று விலை குறிக்கப்பட்டிருக்கிறது. உணவிட்டவர் பற்றி அங்கு நான் எதையும் கண்டதில்லை.)

இக்குழப்பத்தைச் சட்டமியற்றியே தீர்த்த நாடு இத்தாலி. 1991ஆம் ஆண்டின் 281ஆம் எண் சட்டம், சுதந்திரமாக வாழும் பூனைகளைத் துன்புறுத்துவதைத் தடைசெய்கிறது. அவற்றுக்குக் கருத்தடை செய்து அவற்றின் கூட்டத்திலேயே திரும்ப விட வேண்டும் என்கிறது. கடும் நோயோ தீராத நோயோ உள்ளவற்றை மட்டுமே கருணைக்கொலை செய்யலாம் என்கிறது. விலங்குநல அமைப்புகள் உள்ளூர்ச் சுகாதார அமைப்பின் ஒப்புதலுடன் பூனைக் கூட்டங்களைப் பராமரிக்கவும் இடமளிக்கிறது. அங்கே ‘இது யாருடைய பூனை’ என்ற கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் ரோம் நகரில் தகராறு வந்தது. ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட இடமாகக் கருதப்படும் தோரே அர்ஜென்டினா இடிபாடுகளில் 1990களிலிருந்து தன்னார்வலர்கள் ஒரு பூனைக் காப்பகம் நடத்திவருகிறார்கள். 2012இல் தொல்லியல் அதிகாரிகள் அதைக் காலிசெய்யச் சொன்னார்கள். அவர்கள் பூனைகளைக் குறைசொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்தில் அனுமதியின்றி அமைந்த கட்டுமானம் என்பதே அவர்கள் வாதம். பெரும் எதிர்ப்பு எழுந்தது. காப்பகம் இன்றும் அங்கேயே இருக்கிறது.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் உண்டு: பூனைக் குழுக்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பூனைச் சட்டத்தில் அல்ல; கட்டட அனுமதி, நிலப் பயன்பாடு, பொதுத் தொல்லை, அத்துமீறி நுழைதல் ஆகிய பக்கவாட்டுச் சட்டங்களில்தான். 2022 ஜூனில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வெட்டம்ப்கா என்னும் சிறு நகரில், தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்விக்க முயன்ற இரண்டு பெண்கள் பொது நிலத்தில் கைது செய்யப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் தண்டனையும் பெற்றார்கள். அவர்கள்மீதான குற்றச்சாட்டுகளில் அத்துமீறலும் ஒன்று. பொறிக்கூண்டு வைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதியைப் பெற்று வையுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கைவிடுதல் என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, எந்தப் பூனையை விடுகிறீர்கள் என்பதே விடையைத் தீர்மானிக்கும். மனிதரை அண்டாமல், தெருவிலேயே உணவும் ஒதுங்கிடமும் கண்டு வாழ்ந்த பூனையை அதே இடத்தில் விடுவது அதன் பழைய வாழ்வை அதற்கே திருப்பித் தருவது. மடியில் வந்து படுக்கும் வீட்டுப் பூனையைத் தெருவில் விடுவது வேறு. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஒரு விலங்குக் காப்பகத்தின் மீது தொடரப்பட்ட வழக்கில், தத்துக்கொடுக்கத் தகுந்த, மனிதரோடு பழகிய பூனைகளை வெளியில் விடும் வழக்கத்தை 2024 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. நீங்களும் இந்த வேறுபாட்டைப் பேணுகிறீர்கள் என்பதைப் பதிவேடுகளால் காட்ட முடிய வேண்டும்: பிடித்த நாள், இடம், மருத்துவரின் சான்று, கருத்தடை முடிந்ததைக் காட்டக் காதுநுனி வெட்டிய அடையாளம், திரும்ப விட்ட நாள்.

நோட்டீஸில் குறித்துள்ள மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள். அலைபேசியில் அதிகாரி கனிவாகப் பேசினார் என்பது கெடுவை நீட்டிக்காது.

கேள்வி: நான் பறவை ஆர்வலர். எங்கள் பகுதிப் பூங்காவில் நகராட்சியே பூனைக் குழுவுக்கு ஆதரவு தந்து பூனைகளைத் திரும்ப விடுகிறது. பறவைகளின் தரப்பில் யாரும் வழக்குத் தொடர முடியாதா?

பதில்: தொடர்ந்திருக்கிறார்கள், வென்றும் இருக்கிறார்கள். பறவை, வனவிலங்கு அமைப்புகள் 2008இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின்மேல் வழக்குத் தொடர்ந்தன. பூனைகள் தீமையானவை என்று அவை வாதிடவில்லை. கலிபோர்னியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி ஆய்வு செய்யாமலேயே நகரம் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடும் திட்டத்தைச் செயல்படுத்துகிறது என்பதுதான் வாதம். நீதிமன்றம் அதை ஏற்று 2010இல் தடை விதித்தது. சுற்றுச்சூழல் அறிக்கையை 2020 டிசம்பரில் நகர மன்றம் ஏற்கும்வரை, ஏறக்குறைய பத்தாண்டுகள், நகரம் அத்திட்டத்தை ஆதரிக்க முடியவில்லை. நியூயார்க்கின் ஜோன்ஸ் கடற்கரையில், அருகிவரும் உப்புக்கொத்திப் பறவைகளைக் காக்கத் தொடர்ந்த வழக்கு 2018இல் சமரசத்தில் முடிந்து, பூனைகள் இடம்மாற்றப்பட்டன.

உங்கள் கவலை வெறும் மிகையன்று. அமெரிக்காவில் வெளியில் திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என 2013இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் வழக்கில் வென்றவர்களுக்குக் கிடைத்தது பூனையில்லாத நகரம் அல்ல. தடைக்காலத்தில் தெருப்பூனைக் கருத்தடைக்கு நகரம் தந்துவந்த உதவியும் நின்றுபோனது. ஐந்தாறு மாதத்திலேயே பருவமடைந்து, சுமார் ஒன்பது வாரத்தில் ஈனும் ஒரு விலங்கு நீதிமன்றத் தேதிக்காகக் காத்திருக்காது. பறவைகள் கூடு கட்டும் பகுதியில் மட்டும் பூனைகளுக்கு உணவிடுவதையும் விடுவதையும் நிறுத்தும்படி கேட்டு மனு அளிப்பது, முழுத் திட்டத்தையும் முடக்குவதைவிட விரைவில் பலன் தரும் என்பது என் கருத்து.

கேள்வி: பறிமுதல் செய்த பூனைகளை வழக்கு முடியும்வரை நகராட்சி வைத்திருக்குமா?

பதில்: வைத்திருக்கும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். பல ஊர்களில் காப்பகம் ஒரு விலங்கை வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம் சில நாட்களே. அதன்பின் தத்துக்கொடுக்கவும் கொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. எனவே மூல வழக்கைத் தாக்கல் செய்யும் அன்றே, பூனைகளைக் கொல்லவோ கைமாற்றவோ கூடாது என்ற இடைக்கால ஆணையைத் தனி மனுவில் கேளுங்கள். ஒவ்வொரு பூனையின் படத்தையும் காது அடையாளத்தையும் அம்மனுவோடு இணையுங்கள்.